கையகத்துச் சூதும் மனவடக்கமும்



இல்லறத்தார் விலக்க வேண்டிய வியசனங்கள் ஏழு. சூது, ஊன், கள், பரத்தையர் தொடர்பு, வேட்டை, களவு, பிறன்மனை நயத்தல் என்பன அவை. களவுக்கும் வேட்டைக்கும் முன்னே சூதை நிறுத்தியது ஏன்? அது ஏனைய தீமைகளுக்கு வாயில் திறப்பது. பொருள் இழந்தவன் பொய் சொல்வான். பொய் பலியாதபோது களவை நாடுவான். திருவள்ளுவர் சூதுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். சிலப்பதிகாரத்தில் நம் கவுந்தியடிகள், சூதால் நாடிழந்து காடடைந்த நளனைக் கோவலனுக்கு எடுத்துக்காட்டினார்.

அக்காலச் சூதுக்குக் களம் வேண்டும், காய் வேண்டும், எதிரே அமர ஆள் வேண்டும். இக்காலத்திலோ கைப்பேசியே களம். இரவு, பகல் என்ற வேறுபாடில்லை. காண்பார் என்ற நாணமும் இல்லை. பணம் கைவிட்டுப் போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. திரையில் ஓர் எண் குறைகிறது, அவ்வளவே. இணையவழி ரம்மி முதலியவற்றில் பொருளிழந்து, கடனுக்கு அஞ்சி உயிர்நீத்தோர் தமிழகத்தில் உண்டு. அக்கொடுமை கண்டே 2022இல் நம் சட்டமன்றம் தடைச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராகச் சட்டம் நிறைவேற்றியது. சட்டம் வீதியின் கதவைச் சாத்தலாம். மனத்தின் கதவை நாமே சாத்த வேண்டும்.

ஓர் இளைஞர் என்னிடம் வினவினார்: "அம்மா, நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் என்று எல்லை வகுத்தே ஆடுகிறேன். அளவு வகுத்துக்கொள்வதுதானே அணுவிரதம்?"

கூரிய வினா, ஆயினும் பிழையான ஒப்புமை. பரிக்கிரக பரிமாணம் என்னும் விரதம், அறவழியில் ஈட்டிய பொருளின்மேல் செல்லும் ஆசைக்கு எல்லை கட்டுவது. சூதாடுவார் வகுக்கும் எல்லை இழப்புக்கே. ஆசை எல்லையின்றி நிற்கிறது. அவ்வெல்லையைக் காக்க வேண்டிய காவலன் யார்? ஆட்டத்தில் மயங்கிக் கிடக்கும் அதே மனம்! ஐந்நூறு போனதும், "போனதை மீட்டுவிட்டு நிறுத்துவேன்" என்று அம்மனமே சொல்கிறது. இழந்ததை எண்ணி நைவது ஆர்த்தத் தியானம்; பிறர் இழப்பால் வந்த பொருளில் களிப்பது ரௌத்திரத் தியானம். வென்றாலும் தோற்றாலும் தீவினையே ஊறுகிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் சூதாட்ட நோயைத் தனியே குறித்து, கட்டுப்பாடு குலைதலை அதன் முதன்மை அடையாளங்களுள் ஒன்றாக வைக்கிறது.

எனில், அடக்கம் எங்ஙனம் கைகூடும்? சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டகத்தில் துறவை இருவகைப்படுத்தினார்: கால எல்லையுடன் ஏற்பது நியமம், வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம். உடனே யமம் ஏற்க இயலாதவர் நியமத்தில் தொடங்குக. "குறைவாக ஆடுவேன்" என்பது நியமம் அன்று. "இத்தனை நாள் ஆடேன்" என்பதே நியமம். ஒரு நாள், ஒரு பட்சம், ஒரு சாதுர்மாசம் என அது வளரட்டும்.

தேசவிரதம் இடத்துக்கு எல்லை கட்டுவது. இரவில் கைப்பேசி படுக்கையறைக்கு வாராதிருப்பதும், விளையாட்டுச் செயலியை அகற்றுவதும் இன்றைய தேசவிரதமாகலாம். வேட்கை எழும்போது இரு நாழிகை, அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தில் அமர்க. எழுந்த வேட்கை தணியவும் காண்பீர். ஆலோசனை என்னும் முறைப்படி, குற்றத்தை மறையாது ஒரு பெரியவரிடமோ இல்லாளிடமோ உரைத்துவிடுக. மறைவே சூதின் உணவு.

வீட்டாருக்கும் ஒரு சொல். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஸ்திதிகரணம் ஒன்று. வழுவியோரை மீண்டும் அறத்தில் நிலைநிறுத்துவது அது. இழித்துப் பேசுதல் அவரை இருளுக்கே துரத்தும். பிறரறியாமல் கடனை அடைத்துக்கொண்டே இருப்பதும் உதவியாகாது; அடுத்த ஆட்டத்துக்கு அது முதலாகும். கணக்கை வெளிப்படையாக எழுதி, பணப்பொறுப்பைச் சில காலம் வேறொருவர் ஏற்று, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

இழந்த பொருளை உழைப்பால் மீண்டும் ஈட்டலாம். பெறற்கரிய இம்மானிடப் பிறவியை இழந்தால் எங்கே போய்த் தேடுவது? வழுவியவர் நம் பிள்ளை. கைநீட்ட வேண்டியவர் நாம்.

அறம் வளர்க!