விதியா, வீதியா?

“அவன் விதி அவ்வளவுதான்!” சாவு வீட்டுத் திண்ணையிலே கேட்கும் சொல் இது. இரவு ஏழு மணிக்குச் சைக்கிளிலே புறப்பட்டவன் வீடு திரும்பவில்லை. பின்னால் வந்த லாரிக்கு வேகம் மிகுதி. வளைவிலே விளக்கு இல்லை. ஓரமாக ஒதுங்கவோ சாலையிலே இடமில்லை. இத்தனையும் ஊரறிந்த செய்தி. எனினும், ஓட்டியவன்மீது ஒரு சொல் விழவில்லை. சாலை அமைத்தோர்மீதும் விழவில்லை. பழி முழுவதும், பிரமன் எழுதியதாகப் பேசப்படும் தலையெழுத்தின்மீது!

பிரமனுக்கு அத்தனை வேலையா என்று கேட்கிறோம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்கிறது அரசின் கணக்கு. அவர்களுள் 50,029 பேர் தலைக்கவசமின்றி இருசக்கர வண்டியிலே சென்றவர்கள். தலையெழுத்து உண்மையானால், தலையை மூடியவனிடத்திலே அந்த எழுத்து அடிக்கடி தோற்றுப்போவானேன்? தொழிற்சாலையிலே வார்த்த ஒரு கவசத்துக்கு அஞ்சுகின்ற எழுத்தா தெய்வ எழுத்து?

விதி என்னும் சொல்லுக்கு நம் மொழியிலே பொருள் இரண்டு. ஒன்று, எவராலும் மாற்றவொண்ணாதது என்று நம்பப்படுவது. மற்றொன்று, மனிதர் கூடி வகுப்பது, தவறெனில் திருத்துவது. முன்னதற்கு அஞ்சுகிறவன் பின்னதை மிதித்துக்கொண்டு போகிறான்! சக்கரத்தடியிலே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியவன், பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தானா? ஆயுத பூசைக்கு மறுநாள் தெருவைப் பாருங்கள். திருஷ்டி கழிக்க உடைத்த பூசணியிலே வழுக்கி விழுகிறான், வேலைக்குப் போகும் ஏழை. கண்ணேறு கழிந்தது யாருக்கோ. கை ஒடிந்தது இவனுக்கு!

வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. இந்தக் கணக்கிலே பக்தனுக்கும் சலுகையில்லை, நாத்திகனுக்கும் சலுகையில்லை. மாநாட்டுக்குக் கொடி கட்டிப் பறக்கும் நம் தோழர்களின் வண்டிக்கும் இல்லை என்பதைச் சற்று நினைவூட்டுகிறோம்.

இனி, அடிபட்டுக் கிடப்பவனைச் சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு வருவோம். ஏன் எவரும் தொடவில்லை? காவல் நிலையமும் நீதிமன்றமும் அலைக்கழிக்கும் என்ற அச்சம். அது பொய்யச்சமன்று, உதவியவனே அலைந்த காலம் உண்டு. ஆனால், முதலில் உயிரைக் காப்பதே மருத்துவர் கடமை, சட்டச் சடங்குகள் பிறகு என்று உச்சநீதிமன்றம் 1989-லேயே கூறிவிட்டது. உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு 2016-இல் சட்ட வலிமை தந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலே சேர்ந்த 134அ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவரை வழக்கிலிருந்து காக்கிறது. தமிழ்நாட்டிலோ, 2021 இறுதியில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், அதிலே சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்க வகை செய்தது.

அச்சத்துக்குக் காரணம் குறைந்தது. பிறகும் கால் நகரவில்லையே, ஏன்? “அவன் செய்த வினை, அவன் அனுபவிக்கிறான்” என்று காலங்காலமாக ஊட்டிய நஞ்சு, இரக்கத்தையே மரத்துப்போகச் செய்துவிட்டது என்கிறோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். திருநீறு பூசிய பெரியவர் ஒருவர், குருதி வழியக் கிடந்தவனை வாரியெடுத்து ஆட்டோவிலே கிடத்தியதையும் கண்டிருக்கிறோம். அந்தக் கணத்திலே அவர் விதியை நம்பவில்லை, நம்பியிருந்தால் தூக்கியிருக்கமாட்டார். அதே கூட்டத்திலே கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் கைகட்டி நின்றிருந்தால், அவருடைய பகுத்தறிவு எவனுக்குப் பயன்பட்டது?

மாண்டவனின் மனைவி மக்கள் இருக்கிறார்களே, அவர்கள் கதி? மோதிய வண்டி எதுவென்றே தெரியாமற்போனாலும், மரணத்துக்கு 2 இலட்சம் ரூபாய், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு என்று 2022 ஏப்ரல் முதல் உயர்த்தப்பட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கடன் வாங்கச் சொல்லிக்கொடுக்கப் பத்துப் பேர் வருகிறார்கள். இந்த விண்ணப்பத்தை எழுதிக்கொடுக்க ஒருவர் வருவதில்லை. நம் படிப்பகங்களிலே, மாலைதோறும், எழுதத் தெரிந்த தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.