உலகுக்கு ஒரு குடை

முக்குடை நீழலில் எழுந்தருளியுள்ள அருகப் பெருமானை நாள்தோறும் வணங்கும் நாம், உயிர்க்குலம் முழுவதற்கும் நிழல் தரும் மற்றொரு குடையைப் பற்றியும் சிந்தித்தல் வேண்டும். நிலத்திற்கு மேல் ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் விரிந்துள்ள ஓசோன் படலமே அக்குடை.

மூன்று ஆக்சிஜன் அணுக்கள் கூடியது ஓசோன் வாயு. வானில் பரவியுள்ள ஓசோன் முழுவதையும் திரட்டித் தரைமட்டக் காற்றழுத்தத்திற்குக் கொணர்ந்தால், அதன் தடிப்பு சுமார் 3 மில்லிமீட்டரே இருக்கும். அத்துணை மெல்லிய திரையே கதிரவனின் தீய புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுக்கின்றது. அது நலிந்தால் மனிதர்க்குத் தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும். நாமாவது நிழல் தேடி ஒதுங்கலாம். பயிர்களும், கடலில் மிதக்கும் நுண்பாசிகளும் ஆகிய ஓரறிவுயிர்கள் எங்கே ஒதுங்கும்?

இக்குடையைக் கிழித்தது பகைமை அன்று. குளிர்பதனப் பெட்டிகளில் இருந்த நச்சு வாயுக்களுக்கு மாற்றாக, தீங்கற்றவை எனக் கருதியே குளோரோ ஃபுளோரோ கார்பன்கள் புகுத்தப்பட்டன. அவை மேலெழுந்து, குளோரினை விடுவித்து, ஓசோனைச் சிதைக்கும் என்று மோலினா, ரோலண்ட் ஆகிய அறிஞர்கள் 1974-இல் எடுத்துரைத்தனர். ஒரு குளோரின் அணு பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க வல்லது. அண்டார்க்டிகா வானில் ஓசோன் பெரிதும் மெலிந்தமை 1985-இல் வெளியாயிற்று. அறியாமற் செய்வது ஒன்று. அறிந்த பின்னும் தொடர்வது வேறொன்று. பின்னதே பொச்சாப்பு, கொலைவினைக்கு அதுவே வித்து.

1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரீல் நகரில் உடன்படிக்கை உருவாயிற்று. 1992-இல் இந்தியா இணைந்தது. நாளடைவில் எல்லா நாடுகளும் ஏற்றன. ஆயினும் குடை உடனே சீராகவில்லை. முன்பே மேலேறிய வாயுக்களுள் சில 50 ஆண்டுகளும், சில 100 ஆண்டுகளும் நிலைப்பவை. கட்டுப்பாடுகள் தொடர்ந்தால், உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும், அண்டார்க்டிகாவில் 2066 வாக்கிலும் படலம் 1980-ஆம் ஆண்டின் நிலையை எய்தும் என 2022-ஆம் ஆண்டின் அறிவியல் மதிப்பீடு கூறுகின்றது.

ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என்னும் தத்துவங்களைக் கற்ற நமக்கு இது வியப்பன்று. வாய்க்காலை அடைத்த அன்றே குளம் வற்றிவிடாது. அடைக்காமல் இறைத்தாலோ என்றுமே வற்றாது. புதுவினை வாராமற் காத்தலும், பழவினை கழியுமளவும் பொறுத்தலும் ஒருங்கே வேண்டும். உலக நாடுகள் செறிப்பைத் தொடங்கின. அதனைக் கைவிடாமற் காப்பது ஒவ்வோர் இல்லத்தின் கடமையாகும்.

பழைய குளிரூட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-22 வாயுவும் ஓசோனைக் கெடுப்பதே. பழுது பார்ப்போர் அதனை வெளியே திறந்துவிடாமல் உருளையில் பிடித்துக்கொள்ளுமாறு வேண்டுவோம். பழைய பெட்டியைக் காயலான் கடைக்கு அனுப்புமுன்னும் அவ்வாறே செய்விப்போம். ஓசோனுக்கு ஊறு செய்யாத மாற்று வாயுக்களுள்ளும் பல புவியை வெப்பமாக்குவன. ஆகவே, தேவைக்கு மேல் குளிர்ச்சியை நாடாமையும் மிகுபொருள் விரும்பாமையின் ஒரு கூறே எனக் கொள்வோம்.

கண்ணுக்குத் தெரியாத உயிரையும் காக்கும் அறம் நம்முடையது. கண்ணுக்குத் தெரியாத இக்குடையையும் காப்போமாக!