அண்டை வீட்டாரின் உறக்கமும் அமானிதமே!

 

வணக்கத்திற்காகப் புறப்படும் பாதையிலேயே ஒருவர் பாவத்தைச் சுமந்து திரும்ப முடியுமா? முடியும். அதை நாமே கண்டோம்.

நம்மிடம் பழைய மாருதி 800 கார் ஒன்று உண்டு. மூன்று சிலிண்டரும் 796 சி.சி. என்ஜினும் கொண்ட அச்சிறு வண்டியின் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஸுப்ஹு தொழவைக்க அதில்தான் பள்ளிவாசலுக்குச் செல்வோம். சைலன்ஸர் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, கிளப்பும்போது தெருவே அதிரும். "வண்டி ஓடுகிறதே, போதும்" என்று பல மாதங்கள் இருந்துவிட்டோம்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம், நோயுற்றிருந்த அவர் மனைவியின் நலம் விசாரித்தோம். "இரவெல்லாம் வலி, ஹஜ்ரத். விடிவதற்கு முன்னால்தான் கொஞ்சம் கண் அயர்கிறாள். உங்கள் வண்டி கிளம்பியதும் விழித்துக்கொள்கிறாள். தொழுகைக்கல்லவா போகிறீர்கள், அதைக் குறை சொல்லலாமா என்று இருந்துவிட்டேன்" என்றார்.

நாணித் தலைகுனிந்தோம். மாற்று மதத்தவரான அவர் நம் தொழுகைக்குக் காட்டிய மரியாதை, நம் தீங்குக்குத் திரையாகிவிட்டது!

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இரவில் வரும்போது, விழித்திருப்பவருக்குக் கேட்கும்படியும் உறங்குபவரை எழுப்பாதபடியும் ஸலாம் சொல்வார்கள் என மிக்தாத் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஸலாமுக்கே இவ்வளவு பேணுதல் என்றால் சைலன்ஸர் எம்மாத்திரம்! அண்டை வீட்டார் யாராயினும் அவருக்குரிய ஹக்கு ஹக்குதான். நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். ஆனால் வாயால் கேட்டால் மட்டும் போதுமா? தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹின் ஐம்பெரும் விதிகளுள் ஒன்றல்லவா?

சைலன்ஸர் ஏன் கெடுகிறது? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடினால் அது சூட்டில் வெளியேறிவிடும். வீட்டுக்கும் பள்ளிவாசலுக்குமாகக் குறுந்தூரம் ஓடும் வண்டியில் அது உள்ளேயே தங்கித் தகட்டை அரிக்கும். வெளித்தோற்றம் நன்றாயிருக்க உள்ளே அழிவு நடக்கும். கல்பின் நோயும் இப்படித்தான்.

துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்து, பழையதைவிடச் சற்றுப் பெரிய பெட்டியாக ஒரு வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கினோம். ஓசை துளைகள் வழியே பஞ்சில் புகுந்து அடங்கும். குழாயின் உள்விட்டத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் என்ஜின் மூச்சுத் திணறும்.

பொருத்தியது வீட்டு வாசலில்தான். துருவேறிய நட்டுகளுக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விட்டோம். குழாய் நன்கு ஆறிய பின், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரும்பு ஸ்டாண்டுகளில் வண்டியை நிறுத்தினோம். தொங்கவிடும் ரப்பர்களையும் புதிதாக மாற்றினோம். பழைய ரப்பரில் பெட்டி ஆடினால் அதுவே புது ஓசையாகிவிடும்.

ஒரு தீங்கை அதுபோன்ற இன்னொரு தீங்கால் அகற்றலாகாது என்பதும் ஃபிக்ஹு விதியே. ஆகவே சுத்தியல் வேலையை, பெரியவரிடம் நேரம் கேட்டுப் பகலில் செய்தோம். புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டரில் கை வைக்கவில்லை. திறந்த வெளியில் என்ஜினை ஓடவிட்டு, இணைப்புகளில் கசிவு உண்டா என்று பார்த்தோம். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கசிந்து காருக்குள் புகுந்தால் பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து.

அருமை வாலிபர்களே! உங்களுள் சிலர் வேண்டுமென்றே சைலன்ஸரைக் கழற்றி ரமளான் இரவுகளில் வண்டி ஓட்டுகிறீர்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் எல்லை என்கிறது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி. சட்டத்துக்கு அஞ்சாவிட்டாலும், உறக்கம் கலைந்த நோயாளியின் பெருமூச்சுக்கு அஞ்சுங்கள். அல்லாஹ்வின் ஹக்கில் குறை வைத்தவன் அவனிடம் தவ்பா செய்யலாம். அடியானின் ஹக்கையோ அந்த அடியானிடமே தீர்க்க வேண்டும்.

சில நாட்கள் கழித்துப் பெரியவர் கேட்டார்: "என்ன ஹஜ்ரத், இப்போதெல்லாம் காலையில் பள்ளிவாசலுக்குப் போவதில்லையா?"

அல்ஹம்துலில்லாஹ்! அவர் அறியாமலே நாள்தோறும் போய்வந்து கொண்டிருந்தோம்.

நம் வணக்கங்கள் பிறருக்குத் துன்பமாகாதபடி வல்ல அல்லாஹ் நம்மைக் காத்தருள்வானாக! ஆமீன்.