கோளும் வினையும்

உயிர்கள் எய்தும் இன்ப துன்பங்கட்குக் கோள்களே காரணம் என்று கருதுவார் நம்மிற் பலர். இல்லத்தில் நோய் வரினும், தொழிலில் இழப்பு வரினும், 'சனி பிடித்தது' என்று சொல்லி அமைவர். அங்ஙனம் சொல்வாருள் அச்சனியை வானத்திற் கண்டறிந்தோர் மிகச் சிலரே. அஞ்சப்படும் பொருளை ஒருமுறையேனும் கண்ணாற் கண்டு, அதன் ஆற்றல் எத்துணைத்தென ஆராய்தல் அறிவுடையார்க்குக் கடனாகலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சென்னையினின்று கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அத்திப்பட்டு என்னும் ஊர் உளது. 1994ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையமும், எண்ணூர்த் துறைமுகமும் அதன் பக்கத்தன. அவற்றின் விளக்கொளியும் புகையும் மிக்கிருத்தலின், ஆண்டு விண்மீன்கள் பல கட்புலனாகா. ஆயினும் கோள்களைக் காண்டற்குத் தடையின்று. ஞாயிறு மறைந்து அரைமணி கழிந்தபின் வானத்தை நோக்குக. விண்மீன்கள் மிகச் சேய்மையில் வெறும் புள்ளிகளாய்த் தோன்றலின், காற்றின் அசைவால் அவற்றின் ஒளி நடுங்கும். கோள்கள் அண்மையனவாய்ச் சிறுவட்ட வடிவினவாகலின், நடுங்காது நின்றொளிரும். மேல்வானில் வெண்ணிறத்தால் விளங்குவது வெள்ளி, செந்நிறத்தது செவ்வாய், மங்கிய மஞ்சள் நிறத்தது சனி.

இவற்றைக் காண்பார் அறியத்தக்க உண்மைகள் இரண்டு. கோள்கட்குத் தம்மொளி இல்லை என்பது ஒன்று. 1610ஆம் ஆண்டில் கலிலியோ என்னும் அறிஞர் தொலைநோக்கியால் வெள்ளியை நோக்கி, அது திங்களைப்போலத் தேய்ந்தும் வளர்ந்தும் தோன்றுதலைக் கண்டார். ஞாயிற்றை நோக்கிய பக்கம் ஒளிர, ஏனைப் பக்கம் இருண்டிருத்தலே அதற்கு ஏது. பிறிதொன்றன் ஒளியால் விளங்கும் சடப்பொருள் தானே தலைவனாமாறு இல்லை என்க.

மற்றொன்று வக்கிரகதி பற்றியது. 2023ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முதல் நவம்பர்த் தொடக்கம்வரை சனி விண்மீன்களிடையே பின்னோக்கிச் செல்வதாய்த் தோன்றிற்று. உண்மையில் அது பின் சென்றதன்று. சனி ஞாயிற்றை ஒருமுறை சுற்றுதற்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை யாண்டு வேண்டும்; நிலவுலகுக்கோ ஓராண்டே அமையும். விரைந்து செல்லும் நிலவுலகு சனியை முந்துங்கால், சனி பின்னிடுவதுபோலத் தோன்றும். விரைவாய் ஓடும் மின்வண்டியில் இருப்பார்க்கு, அடுத்த பாதையில் மெல்லச் செல்லும் நிலக்கரி வண்டி பின்னோக்கி நகர்வதுபோலத் தோன்றுவது இதற்கு ஒப்பாம். ஆகவே நம்முடைய செலவையே கோளின்மேல் ஏற்றி, அது மாறாக நடந்தது என்கின்றோம். வானியலில் நிகழும் இம்மயக்கமே வாழ்வியலிலும் நிகழ்கின்றது.

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் என்னும் புயலால் சென்னைப்புறத்தில் பெருவெள்ளம் உண்டாயிற்று. மணலிப் பகுதியிலிருந்து தொழிற்சாலை எண்ணெய் அவ்வெள்ளத்தொடு கலந்து கொசத்தலையாற்றின் எண்ணூர்க் கழிமுகத்திற் பரவிற்று. செம்படவரின் படகும் வலையும் எண்ணெய்ப் படிந்தன. அவர் தொழிலும் கெட்டது. அத்திங்கள் 20ஆம் நாள், வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி சனி கும்பத்திற் புகுந்ததாகத் திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா நிகழ்ந்தது. திருக்கணிதத்தின்படியோ அப்பெயர்ச்சி அவ்வாண்டு ஜனவரியிலேயே முடிந்தது. வானத்திலுள்ள சனி ஒன்றே; கணக்கோ இரண்டு. இனி, அக்கழிமுகத்தில் எண்ணெயைக் கலந்தது எக்கணக்கின்படி வந்த சனி? எண்ணெய் வந்த வழியைத் தேடின் அது மக்களின் செயலிலும் சோர்விலுமே சென்று முடியும்.

அற்றேல், துன்புற்றார் தத்தம் பழவினையையே நுகர்ந்தனர். பிறரைக் குறைகூறுவது எற்றுக்கு எனின், கூறுதும். மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் கருத்துப்படி, வினை சடமாகலின் தானே சென்று உயிரைப் பொருந்தமாட்டாது, இறைவனே பொருத்துவன். கோளும் சடமாகலின் அவன் ஆணைவழி நிற்கும் கருவியாதலன்றி வினைமுதல் ஆதல் இல்லை. இனி, ஒருவர் நுகரும் துன்பம் அவர்க்குப் பிராரத்தமாயினும், அதனை விளைத்தார்க்கு அதுவே ஆகாமியமாம். அடிபட்டவன் பழவினையைக் காட்டி அடித்தவன் குற்றத்தை நீக்கலாமாயின், உலகிற் கொலையும் களவும் குற்றமாகா. அறநூலும் முறைமன்றமும் வேண்டப்படா. தடுக்கும் ஆற்றலுடையராயிருந்தும் வாளாவிருந்தார்க்கும் அவ்வினையிற் பங்குண்டு. எனவே, வினைக்கொள்கை மக்களைச் சோம்பரில் ஆழ்த்துவதன்று. இன்று செய்வதன்கண் அவரை விழிப்புடையராக்குவதாம்.

இதற்கு ஆளுடையபிள்ளையார் வரலாறே சான்று. பாண்டிமாதேவியாரின் அழைப்பை ஏற்று அவர் திருமறைக்காட்டினின்று மதுரைக்குப் புறப்பட்டபொழுது, கோள்நிலை நன்றன்றென நாவுக்கரசர் தடுத்தருளினார். பிள்ளையாரோ கோளறு பதிகம் பாடியருளி மதுரைக்கு எழுந்தருளினார். கோள் உண்டென்பதை அவர் மறுத்திலர். கோளைக் காட்டிக் கடமையை நிறுத்தவும் இலர். அத்திப்பட்டுக்கு அணித்தாகிய திருவொற்றியூரில் இருபத்தேழு நாண்மீன்கட்கும் உரியனவாகச் சிவலிங்கங்கள் அமைந்துள்ளன. மீன்களும் சிவனை வழிபடும் அடியவையே என்பது அவ்வமைப்பாற் போதரும். அடியார் ஒருவரைக் கண்டு அடியார் அஞ்சுதல் முறையன்று.

ஆகலின், மாலையில் வானத்தைக் காண்பார் சனியைக் கண்டு அஞ்சாது, அதனை ஒளிரச்செய்யும் ஞாயிற்றையும், அஞ்ஞாயிற்றையும் இயக்கும் முதல்வனையும் நினைக. பின்னர்த் தலைதாழ்த்தித் தம் ஊரின் ஆற்றையும் காற்றையும் நோக்குக. வானத்தில் திருத்தற்குரியது யாதும் இன்று. நிலத்தில் திருத்தற்குரியன பல உள. அவற்றைத் திருத்துதலும் சிவபூசையின் ஓர் உறுப்பேயாம்.

திருச்சிற்றம்பலம்.