கோபுரமும் பொட்டலும்

ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்லுகிறவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனவர் கோபுரத்தைச் சொல்லுவார். பதினொரு நிலைகள், 192 அடி உயரம். பெரியாழ்வாரின் நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில் குழந்தையைக் கண்டெடுத்த கதையைச் சொல்லுவார். பிறகு, கையில் உள்ள பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டுவார். ராஜபாளையத்துக்குப் போனவரானால், 2005-இல் தபால் தலையிலேயே இடம் பெற்றுவிட்ட அந்த வெள்ளை வேட்டை நாயைப் பற்றிப் பேசுவார். ஊர்களைச் சுற்றியுள்ள பொட்டலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

தோப்பும் வயலும் முடிகிற இடத்தில் உடைமரமும் ஆவாரையும் எருக்குமாகக் கிடக்கிற நிலம் அது. பார்க்கிறவருக்கு அங்கே ஒன்றுமில்லை. ஆனால் ஆடு மேய்க்கிறவனுக்கு அதுதான் களஞ்சியம். மழைக்குப் பின் எந்த மூலையில் புல் முளைக்கும், கோடையில் எந்த மரம் நெற்று உதிர்க்கும் என்பது அவனுக்கு மனப்பாடம். அறுவடையான வயலில் அவன் கிடை போட்டால், அந்தப் பொட்டலின் புல்லே எருவாகி அடுத்த போகத்தின் நெல்லாகிறது.

வரி விதிப்புக்குப் புறம்பாகப் போன நிலத்துக்குப் ‘புறம்போக்கு’ என்று பெயர். கணக்குப் புத்தகத்தில் அது வெறும் வகைப் பெயர்தான். நம் வாயில் அது வசைச் சொல்லாகி, மனிதர்கள் மீதும் விழுகிறது. பட்டா இல்லாத நிலத்தை இழிவாக நினைக்கப் பழகியவர்கள், பட்டா இல்லாத மனிதனையும் அப்படியே நினைத்துவிடுகிறோம்.

இங்கிலாந்தின் தெற்கே பியூலி என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1204-இல் ஜான் மன்னன் நிறுவிய மடாலயத்தின் இடிபாடுகள் அங்கே உள்ளன. ஊரைச் சுற்றிலும் ‘நியூ ஃபாரஸ்ட்’ என்னும் பழைய வேட்டைக் காடு. அதில் பெரும்பகுதி, மரமில்லாமல் புதர் மண்டிய பொட்டல். மட்டக் குதிரைகள் ஊர்த் தெருவில் உரிமையோடு நடக்கின்றன. மோட்டார் வண்டிகள் காத்து நிற்கின்றன. அவை காட்டுக் குதிரைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் உடையவர் உண்டு. அவர் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துகிறார். செலுத்தியதற்கு அடையாளமாகக் குதிரையின் வால் ரோமத்தைக் கத்தரித்து விடுகிறார்கள். மேய்ச்சல் நின்றால் அந்தப் பொட்டலில் மரங்கள் மண்டி, அதன் தோற்றமே மாறிவிடும் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். பயணி ரசிக்கிற அழகை உண்டாக்கியதில் குதிரையின் பல்லுக்கும் பங்கு இருக்கிறது!

நம் பக்கத்துக் கதை வேறு. வில்லி, கண்டன் என்று இரு வேடச் சகோதரர்கள் இருந்தார்களாம். கண்டனைப் புலி கொன்றுவிட, அவனைத் தேடி அலைந்த வில்லி, கனவில் இறைவன் சொன்னபடி காட்டைத் திருத்தி ஊரை எழுப்பினான் என்கிறது தல வரலாறு. புலிக் காட்டில் பிறந்த அந்த ஊரின் பெயரிலேயே, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது. அடுத்த ஆண்டு, மேகமலைக் காடு பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் மேய்ச்சலைத் தடை செய்தது. முதலில் மாநிலத்தின் எல்லாக் காடுகளுக்கும் விதித்த தடையைப் பிறகு திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று வரையறுத்தது.

இதை அநீதி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. மந்தை பெருகினால் மானுக்குப் புல் குறையும். மாட்டின் நோய் காட்டு விலங்குக்குத் தொற்றும். புலிக்கும் வாழ இடம் வேண்டும். ஆனால் மலைக் காடு அடைபட்டால், மந்தை கீழேயுள்ள பொட்டலுக்குத்தான் இறங்க வேண்டும். அந்தப் பொட்டலையோ ‘சும்மா கிடக்கிற இடம்’ என்று சொல்லி, கட்டடத்துக்கும் மனைப் பிரிவுக்கும் கொடுக்க நமக்குத் தயக்கமே இல்லை. புலிக்காக அவன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறோம். அவனுக்காக நாம் எதை விட்டுக்கொடுத்தோம்?

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையையும் ஏற்கிறது. பழங்குடியல்லாதவர் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக, அந்தக் காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஆட்டின் குளம்படியை எந்தப் பத்திரத்தில் பதிவது? பியூலிக் குதிரைக்காரரின் உரிமை பெரும்பாலும் அவர் வீட்டோடும் நிலத்தோடும் சேர்ந்தது. அது எழுத்தில் இருக்கிறது. நம் ஆட்டுக்காரனின் உரிமை அவன் நடந்த தடத்தில் மட்டுமே இருக்கிறது. எழுத்தில் இல்லாதது உரிமையே அல்ல என்று சொல்வது சட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம், மனச்சாட்சிக்குப் போதாது.

எல்லா மாடும் பொட்டலில் மேய்வதில்லை. தொழுவத்தில் நின்று தீவனம் தின்கிற மாடுகளும் உண்டு. என்றாலும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவுக்குப் பின்னே பால் இருக்கிறது. பாலுக்குப் பின்னே மாடும், மாட்டுக்குப் பின்னே எங்கோ ஒரு புல்வெளியும் இருக்கின்றன. கோபுரத்தைக் காப்பாற்ற ஆயிரம் கைகள் உண்டு. ஓர் ஊரின் அறம் எவ்வளவு என்று அறிய வேண்டுமானால், கோபுரம் நிற்கிற உயரத்தை அளந்தால் போதாது. ஒன்றுமில்லாதவன் நின்றுகொள்ள அந்த ஊரில் எவ்வளவு நிலம் மிச்சமிருக்கிறது என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.