தீராத கணக்கு

செனகல் நாட்டில் ஒரு கிராமத்துக்கு வேலைக்காகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருட ஒப்பந்தம். அங்கே யாரையும் தெரியாது. வேலையை முடித்தோமா, சம்பளத்தை வாங்கினோமா, யாருக்கும் தொந்தரவு தராமல் ஊர் திரும்பினோமா என்று இருக்க நினைக்கிறீர்கள். நல்ல கொள்கைதான். ஆனால், அந்த ஊர் விடாது!

தீப்பெட்டி வாங்கக் கடைக்குப் போனால், நேராகத் தீப்பெட்டி கேட்பது முரட்டுத்தனம். முதலில் சலாம். பிறகு 'நங்க தெஃப்?' - எப்படி இருக்கீங்க? 'மாங்கி ஃபி' என்று பதில் வரும். வொலோஃப் மொழியில் அதன் நேர் அர்த்தம், 'இங்கேதான் இருக்கேன்'. அப்புறம் வீட்டார் எப்படி, வேலை எப்படி... எல்லாம் முடிந்துதான் தீப்பெட்டி.

மத்தியானம் ஒரு வீட்டைக் கடந்து போனால், 'காய் லெக்!' என்று குரல் வரும். வா, சாப்பிடு! பெரிய தாம்பாளத்தைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்திருக்கும். 'செபு ஜென்' என்கிற மீன் சோறு. 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய சாப்பாடு. அதற்கு அவர்கள் விரும்புவது குருணை அரிசி. நம் நாட்டிலிருந்தும் கப்பலில் போகிற சரக்குதான்; 2022 செப்டம்பரில் இந்தியா குருணை ஏற்றுமதியைத் தடை செய்தபோது செனகலும் கவலைப்பட்டது. அவரவர் முன்னால் இருப்பதைத்தான் அவரவர் சாப்பிட வேண்டும். ஆனால், நடுவில் இருக்கும் மீனைப் பிய்த்து வீட்டுக்கார அம்மா உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார்.

கொஞ்ச நாளில் பேரும் வைத்துவிடுவார்கள். 1963-லிருந்தே அங்கே போன அமெரிக்க 'பீஸ் கோர்' தொண்டர்களுக்கு, தங்கும் குடும்பத்தின் பேர் கிடைப்பது வழக்கம். நீங்கள் 'ந்ஜாய்' ஆகிவிட்டீர்கள் என்றால், 'ஜோப்' குடும்பத்தார் எல்லோருக்கும் உங்களைக் கேலி செய்யும் உரிமை வந்துவிடும். முன்பின் பார்த்திராத ஒரு ஜோப், 'ந்ஜாயா? சோத்து மூட்டையாச்சே!' என்பார். கோபப்படக் கூடாது. நீங்களும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். நம் மாமன் மச்சான் கேலி மாதிரி.

இதுவரை இனிப்பு. இனிதான் விஷயமே.

தலைநகர் டாக்கருக்கு நாலு நாள் போய்த் திரும்புகிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர், 'சரிச்சா எங்கே?' என்பார். பயணம் போனவர் ஊருக்குக் கொண்டுவர வேண்டிய பொருள் அது. பழமோ, ரொட்டியோ... இன்னொருவர், குழந்தைக்குக் காய்ச்சல், மருந்துக்குப் பணம் வேண்டும் என்று வரலாம். 'அடடா, இதுக்குத்தான் மீனைத் தள்ளினாங்களா!' என்று மனசு கணக்குப் போடும்.

பதிலுக்கு எதிர்பார்த்தால், அது அன்பா, வியாபாரமா?

நான் காமர்ஸ் படித்தவன். பற்றும் வரவும் சரியானால் கணக்கை முடித்துவிடலாம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கடைக்கு அது சரி. பாக்கி தீர்ந்ததும் நீங்கள் யாரோ, அவர் யாரோ. சொல்லப்போனால், அதற்காகத்தானே உடனுக்குடன் தீர்க்கிறோம்! செனகல் வீட்டில் மீனுக்கு யாரும் விலை கேட்கவில்லை. 'சரிச்சா' கேட்பது, டவுனுக்குப் போய் வந்த தம்பியிடம் கேட்பது போல. ஒரு அந்நியரிடம் எதையுமே கேட்காமல் இருப்பது மரியாதையாகத் தெரியலாம். ஆனால், அவரை வாசலிலேயே நிறுத்திவைப்பதற்கும் அதுதான் வழி.

இதில் பாரம் இல்லையா? உண்டு. சம்பாதிக்கிற செனகல்காரர்களே உறவினர்களின் கோரிக்கைகளால் விழி பிதுங்குகிறார்கள். வெளிநாட்டுக்காரர் என்றால் பணக்காரர் என்று நினைத்துக் கூடுதலாகக் கேட்பவர்களும் இருப்பார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. 'இன்ஷா அல்லா, அடுத்த தடவை' என்று சிரித்துக்கொண்டே நழுவ அங்கேயும் வழி இருக்கிறது. ஆனால், கேட்டதே தப்பு என்று முகம் சுளிப்பது வேறு. மீனும் வேண்டும், பேரும் வேண்டும், பாக்கி மட்டும் வேண்டாம் என்றால் எப்படி?

அங்கே சாப்பிட, கொடுக்க, வாங்க எல்லாமே வலது கைதான். இடது கையை நீட்டுவது அவமரியாதை. ஆனால், நீண்ட பயணம் கிளம்புகிறவருக்கு மட்டும், வேண்டுமென்றே இடது கையால் கை குலுக்கி விடை கொடுக்கும் வழக்கம் உண்டு. தெரிந்தே செய்யும் ஒரு தப்பு. அதைச் சரிசெய்யவாவது அவர் திரும்பி வந்தாக வேண்டுமே!

ஒப்பந்தம் முடிந்து நீங்கள் கிளம்பும் நாளில் ஒரு இடது கை உங்களை நோக்கி நீண்டால், உங்கள் கணக்கு இன்னும் தீரவில்லை என்று அர்த்தம். சந்தோஷமாகக் குலுக்கிவிட்டு வாருங்கள்.