நிலைக்காதது வீணா?

எத்தனை வருஷம் தாங்கும்? பொறியியல் படிக்கிற எங்களுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் வருகிற கேள்வி இதுதான். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருக்கும் வாரம் பெர்சி கிராமம் இந்தக் கேள்வியையே திருப்பிப் போடுது.

சுமார் 600 ஆண்டுகள் மக்கள் வாழ்ந்த ஊர் அது. செம்மறி ஆடு வளர்த்தால் லாபம் அதிகம் என்று, 1500-ஐ ஒட்டிய காலத்தில் நிலச்சொந்தக்காரர் கடைசிக் குடும்பங்களையும் வெளியேற்றினார். இன்று அங்கே கூரையில்லாத கல் தேவாலயம் நிற்கிறது. உழவர்களின் குடிசைகள் இருந்த இடமெல்லாம் புல்மேடு. 1950 முதல் 1990 வரை ஆய்வாளர்கள் கோடைதோறும் தோண்டித்தான் அந்த வீடுகளின் கதை வெளியே வந்தது.

அப்போ நின்றது உயர்வு, மறைந்தது தாழ்வுன்னு சொல்லிடலாமா? தேவாலயத்துக்குக் கல் கிடைத்தது. உழவனுக்கு மரச்சட்டமும் வைக்கோல் கூரையும்தான் கட்டுப்படியாச்சு. எது நிலைக்கும் என்பதைப் பல நேரம் பணம்தான் முடிவு செய்யுது. எது மதிப்புள்ளது என்பதையும் அதனிடமே விட்டுவிடலாமா?

மண் அப்படிப் பாகுபாடு பார்ப்பதில்லை. அடுப்புச் சாம்பலும் சாணமும் சேர்ந்த இடத்தில் பாஸ்பேட் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். மறைந்துபோன குடிசைகளின் இடத்தில், தொட்டால் எரியும் நெட்டில் செடி பல நேரம் அடர்ந்து வளர்வது அதனால்தான்.

அந்தக் குடிசையில் பசித்த பிள்ளைக்கு ஊட்டிய ஒரு வாய் உணவு, அன்றைக்கே முழுமையான செயல். சுவர் விழுந்ததால் அது குறைந்துவிடாது.

ஆகவே நண்பர்களே, காலி நிலத்தைப் பார்த்து "இங்க ஒண்ணுமே இல்லை"ன்னு சொல்வதற்கு முன், யாரை அனுப்பிவிட்டு அது காலியாச்சுன்னு கேட்போம்.